ஜாதகத்தோடு போன பான் கார்டு

எங்கள் வீட்டிலிருந்து எந்தக் காகிதமும் தனியாக வெளியே போகாது. அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். கேஸ் ஏஜென்சிக்குப் புகார் எழுதினாலும் ரசீதின் நகல், அடையாள அட்டையின் நகல் எல்லாவற்றையும் பின்னால் வைத்துப் பின் அடித்து, ஓரத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவார். ரிட்டயர் ஆனவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை, இப்போதெல்லாம் அவரவரே போட்டுக்கொண்டால் போதும் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்று முழுக்க என்னோடு அவர் பேசவில்லை.

அதனால் என் ஜாதகம் ஜனக்புரியிலிருந்து கிளம்பியபோது அதுவும் துணையோடுதான் கிளம்பியது. அம்மா போன பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலை அப்பாவின் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது. அதையும் ஆபீஸ் வேலையாகவே பார்த்தார். மேலே ஜாதகம், அடுத்து பயோடேட்டா, அடுத்து ஃபோட்டோ, கடைசியில் என் பான் கார்டின் நகல். எதற்கு என்று கேட்டேன்.

"பொறந்த தேதிக்கு ஆதாரம் வேண்டாமா? வயசைக் குறைச்சுச் சொல்லுதாங்கன்னு ஒரு பய பேசிரக் கூடாதுல்லா," என்றார். டெல்லிக்கு வந்து வாழ்நாளில் பாதிக்கு மேல் ஆகியும் அப்பாவின் பேச்சு திருநெல்வேலியை விட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நொய்டாவில் என் ஆபீசில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். ஜாதகத்துக்கு அட்டெஸ்டேஷன் வைக்கிற ஆள் உலகத்திலேயே என் அப்பா ஒருவர்தான் என்று பெருமையடித்துக்கொண்டேன். என்னை வைத்து நானே செய்த கடைசி நல்ல நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் பதில் வந்தது. பையன் டெல்லியிலேயே வளர்ந்தவன். சேலம் பக்கத்துக் குடும்பம். கடன் கொடுக்கிற ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில், குர்காவ்னில் வேலை. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துச் சொல்கிற பிரிவு. அவனும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர்கள் எங்களைப் பால்கனியில் பேசச் சொல்லிவிட்டு உள்ளே டீயோடு உட்கார்ந்தார்கள்.

அவன் முதலில் சொன்னது இது. "சச் பதாவூம்? உண்மையைச் சொல்லட்டுமா? நான் உன் ஜாதகம் பார்க்கல. ஃபோட்டோகூடப் பார்க்கல. அம்மா நீட்டினாங்க, வேண்டாம்னுட்டேன். ஒரு ஆளை நேர்ல பார்க்காம பேப்பர்ல என்ன பார்க்கறது?"

நான் அங்கேயே விழுந்துவிட்டேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அதற்கு முன் வந்தவர்கள் என் சம்பளத்தைக் கேட்டார்கள், உயரத்தைக் கேட்டார்கள், செவ்வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஒருத்தன் எதையும் பார்க்காமல் வந்து நிற்கிறான் என்றால் மனசு இளகத்தானே செய்யும்.

பிறகு நிறையச் சந்தித்தோம். ஆபீஸ் முடிந்து நான் நொய்டாவிலிருந்து மெட்ரோவில், ப்ளூ லைனில் வருவேன், அவன் குர்காவ்னிலிருந்து வந்து ராஜீவ் சௌக்கில் ஏறிக்கொள்வான். ஜனக்புரி வரை கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே பேச்சு. அவன் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. என்னை விட்டுவிட்டு எதிர்ப் பக்கம் மறுபடி ஏறிப் போவான்.

அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அரசாங்க வைத்தியத் திட்டத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். அடங்காத ஊசிகளும் இருந்தன. கவுன்டரில் என் கிரெடிட் கார்டை நீட்டினேன். திரும்பத் திரும்ப நீட்டினேன். அம்மா போய்விட்டாள். அடுத்து கொரோனாவில் நான் வேலை பார்த்த செய்தித் தளத்தில் ஆளைக் குறைத்தார்கள், அதில் நானும் போனேன். கார்டுக்குக் கட்ட முடியவில்லை. பேங்கிலிருந்து காலையில், மதியத்தில், சாப்பிடும்போது என்று ஃபோன் வந்துகொண்டே இருந்தது. அப்பா கேட்டால், விளம்பரக் கால் என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் நின்று பேசுவேன்.

கடைசியில் ஒரு பெண் இனிமையான ஹிந்தியில், இவ்வளவு கட்டுங்கள் மேடம், மீதியை விட்டுவிடுகிறோம், கணக்கு முடிந்துவிடும் என்றாள். அம்மாவின் வளையல்களில் எனக்கென்று வைத்திருந்த ஜோடியை விற்றுக் கட்டினேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அப்படிப் பாதியில் பேசித் தீர்த்த கணக்கு கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்ட்' என்று வருஷக்கணக்கில் நிற்கும், இவள் முழுசாகக் கட்டாதவள் என்றுதான் அதற்கு அர்த்தம், நாளைக்கு எந்த பேங்க் வாசலில் போய் நின்றாலும் அதுதான் முதலில் கண்ணில் படும் என்று. அதற்குப் பிறகு அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனக்புரி வெஸ்ட் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். ரயில்கள் வந்தன, போயின. நான் அழுதேன். கடன் பட்ட கதையைக் கடன் கொடுக்கிற கம்பெனிக்காரனிடம் சொல்கிறோமே என்ற பயம் ஒரு பக்கம். வளையல் கதையை முதன்முதலாக ஒரு மனித ஜீவனிடம் சொல்கிறோம் என்பது இன்னொரு பக்கம். அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. புருவத்தை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினான். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சுது" என்றான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தபோது எனக்கு உடம்பே கனமில்லாமல் இருந்தது. இந்த ஆளோடுதான் வாழப் போகிறேன் என்று அப்போதுதான் உண்மையாகவே முடிவு செய்தேன்.

வழியும் அவன்தான் சொன்னான். பேங்க் விட்டுக்கொடுத்த மீதியையும் இப்போது கட்டிவிடு, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கு, அதை வைத்து 'செட்டில்ட்' என்பதை 'க்ளோஸ்ட்' என்று மாற்றச் சொல்லி எழுது என்றான். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். கடிதமும் வந்தது. மாறிவிட்டதா என்று ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் அவன் அவசரமாக மறுத்தான்.

"அரே, நீ எடுக்காதே. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கிரெடிட் ஸ்கோர் குறையும், அப்புறம் யாரும் லோன் தர மாட்டாங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

அவனுடைய தொழிலாயிற்றே. நம்பினேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. புடவை எடுக்க அவன் அம்மாவோடு கரோல் பாக் போனேன். பில் போடும்போது நான் பர்சைத் திறந்தேன். அவர் என் கையை மெதுவாகத் தள்ளி, "கார்டெல்லாம் வேண்டாம் கண்ணு. அதெல்லாம் உனக்கு எதுக்கு? நான் ரொக்கமாவே குடுத்துடறேன்," என்றார். அந்தக் 'கண்ணு' என்னைக் கரைத்துவிட்டது. அம்மா இல்லாத பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு துவாரகாவில் சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கலாம், இருவர் பேரிலும் சேர்ந்து லோன் போடலாம் என்று பேச்சு வந்தது. எனக்குள் அந்த 'செட்டில்ட்' மறுபடி நெளிந்தது. அவன் பார்த்துச் சொல்கிறேன் என்றவன் சொல்லவே இல்லை. ஒரு சனிக்கிழமை காலை, அப்பா பால் வாங்கப் போயிருந்தார். ஸ்கோர் குறைந்தால் குறையட்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ரிப்போர்ட் தருகிற தளத்தின் முதல் பக்கத்திலேயே, உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடன் கம்பெனிகள் பார்த்தால்தான் குறையுமாம். இவனுக்கு எப்படி இது தெரியாமல் போனது என்று யோசித்தேன். அவனுக்காக ஒரு சாக்கையும் நானே கண்டுபிடித்தேன். என்னமோ பழைய விதியாக இருக்கும்.

ரிப்போர்ட் வந்தது. முதலில் என் பெயர், பிறந்த தேதி, பான் எண், பழைய விலாசங்கள். அடுத்து கணக்குகள். அந்த கார்டுக்கு எதிரே 'க்ளோஸ்ட்' என்று இருந்தது. பாக்கி ஒன்றுமில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அவனுக்கு ஃபோன் பண்ணப் போனேன். பண்ணுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடலாம் என்று கீழே தள்ளினேன்.

கடைசிப் பகுதி, என் ரிப்போர்ட்டை யார் யாரெல்லாம் கேட்டு வாங்கினார்கள் என்ற பட்டியல். கார்டு கொடுத்த பேங்க் இருந்தது, அது பழசு. அதற்கு மேலே ஒரே ஒரு வரி. அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். காரணம், பர்சனல் லோன். நான் அவர்களிடம் லோன் கேட்டதே இல்லை. தேதியைப் பார்த்தேன். ஃபோனில் அப்பாவின் பழைய மெசேஜைத் தேடி எடுத்தேன்: 'ஜாதகம் கூரியரில் அனுப்பியாச்சு. பையன் வீட்டுக்குச் சேர்ந்தாச்சு.' அதற்கு அடுத்த நாள்தான் அந்தத் தேதி. அவர்கள் எங்கள் வீட்டு பால்கனிக்கு வந்தது அதற்கப்புறம்.

எதையும் பார்க்காமல் வந்தவன், என் கடனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அப்பா பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பான் எண்ணை வைத்து. உங்கள் ரிப்போர்ட் பார்க்கப்பட்டது என்று எனக்கு அப்போதே ஒரு எஸ்எம்எஸ்கூட வந்திருந்தது. பீட்சா தள்ளுபடிக்கும் மின்சார பில்லுக்கும் நடுவில் திறக்கப்படாமல் கிடந்தது.

கோபம் வருவதற்கு முன்னால் பெஞ்ச்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் விக்கி விக்கி ஒவ்வொன்றாகச் சொன்னபோது அவனுக்கு எல்லாம் முன்பே தெரியும். எந்த மாசம் கட்டாமல் விட்டேன் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே புருவத்தை உயர்த்தினான். அந்த உயர்த்தலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. அடுத்து, கரோல் பாக் கடையில் என் கையைத் தள்ளிய அந்தக் கை. கார்டெல்லாம் உனக்கு எதுக்கு கண்ணு. ஓஹோ.

மறுநாள் நானும் அவனும் துவாரகாவில் ஒரு ஃப்ளாட்டைப் பார்க்கப் போவதாக இருந்தது. புரோக்கர் சாவி எடுத்து வரப் போயிருந்தார். கீழே, அவன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபோனில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவன் மறுக்கவில்லை. குற்றம் செய்தவன் போலக்கூட இல்லை, டிராஃபிக்கில் மாட்டியவன் போல ஒரு சலிப்பு.

"ஓ, இதுவா. எங்க லைன்ல இது ஹேபிட். ஜாதகம் பார்க்கறாங்க இல்ல, அந்த மாதிரி. பான் நம்பரை உங்கப்பாவே வச்சு அனுப்பியிருந்தார்."

"பிறந்த தேதிக்காக வச்சார்."

"அச்சா, தப்புதான், ஆபீஸ் சிஸ்டம்ல பார்த்திருக்கக் கூடாது. ஆனா யோசிச்சுப் பாரு. எனக்கு வந்த மத்த ரெண்டு பொண்ணுங்களோட ரிப்போர்ட் உன்னோடதைவிட நல்லா இருந்தது. செட்டில்ட் இருந்தும் நான் உன்னைத்தான் பார்க்க வந்தேன். அதுக்கு ஒரு மதிப்பு இல்லையா?"

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பெஞ்ச்ல உட்கார்ந்து நான் அழுதேனே, அப்போ ஏன் தெரியும்னு சொல்லல?"

அவன் உண்மையாகவே கனிவோடு சொன்னான். அந்தக் கனிவைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "நீயா சொல்றியான்னு பார்த்துட்டிருந்தேன். அம்மாகிட்டயும் அதான் சொல்லியிருந்தேன், அவளா சொன்னா ஓகே, மறைச்சா வேண்டாம்னு. நீ சொல்லிட்ட. பாஸ் ஆயிட்ட. அதுக்கப்புறம் நான் ஒருநாளாவது அதைப் பத்திப் பேசினேனா?"

புரோக்கர் சாவியோடு வந்தார். மேடம், மூன்றாவது மாடி, நல்ல வெயில் வரும் என்றார். நான் மெட்ரோ ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். நான் மனசைத் திறந்து காட்டிய இடம் அவனுக்குப் பரீட்சை ஹால். இப்படி ஏமாந்தவள் ஊரில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. பணம் போகவில்லை, நகை போகவில்லை. என் அழுகைக்கு மார்க் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கல்யாணம் வேண்டாம் என்றால் அப்பாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கார்டைச் சொல்ல வேண்டும், ஊசியைச் சொல்ல வேண்டும், வளையலைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அழவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ஊசிக்கு ரசீது வச்சிருக்கியா?" என்றார்.

"இல்லப்பா."

"ரசீது இருந்தா க்ளெய்ம் பண்ணியிருக்கலாமே. வளையல வித்திருக்க வேண்டாமே." அப்புறம், "பெத்தவன்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?" என்றார். அவரும் ஏமாற்றப்பட்டவர் போலத்தான் உட்கார்ந்திருந்தார், ஏமாற்றியவள் நான். பிறகு அவரே, "அவன் பாத்தது தப்புதான். ஆனா ஒரு வெரிஃபிகேஷன் இல்லாம எந்த ஆபீஸ்லயும் ஆள் எடுக்க மாட்டாங்க," என்றார். அதைக் கேட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

இருந்தாலும் சம்பந்தத்தை முறித்துக் கடிதம் எழுதினார். அவர்கள் வீட்டிலிருந்து ஜாதகம் கூரியரில் திரும்பி வந்தது. பான் கார்டு நகல் மட்டும் வரவில்லை. நான் அந்தத் தளத்தில், இந்தக் கம்பெனியிடம் நான் லோன் கேட்டதில்லை என்று புகார் பதிந்தேன். கம்பெனி, தவறுதலாக நடந்துவிட்டது என்று பதில் சொல்லியிருக்கும் போல. அடுத்த மாதம் அந்த வரி அங்கே இல்லை. அவன் என்னைப் பார்த்ததற்கு எந்த ஆதாரமும் இல்லாமல் என் ரிப்போர்ட் சுத்தமாகிவிட்டது. சரிபார்ப்பதற்காக அதை ஆபீசில் பிரின்ட் எடுத்து வந்தேன், சாப்பாட்டு மேஜையில் வைத்தேன், மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது மேஜையில் அப்பா ஸ்டேப்ளரும் கையுமாக இருந்தார். மேலே ஜாதகம், அடுத்து பயோடேட்டா, அடுத்து ஃபோட்டோ. பான் கார்டு நகலைக் காணோம். ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடியில் என்ன என்று புரட்டினேன். என் கிரெடிட் ரிப்போர்ட். முழுவதும். பான் எண் உட்பட எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ் எடுத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பச்சை மை.

"இப்பதான் எல்லாம் க்ளீனா இருக்கே. ஒருத்தன் ஒளிஞ்சு பாக்குததுக்கு, நாமளே முன்னாடி குடுத்துருவோம். யாருக்கும் ஒளிவு மறைவு இல்லை பாரு," என்றார். எனக்கு நல்லது செய்துவிட்ட மலர்ச்சி அவர் முகத்தில் இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"இதை யாருக்கும் அனுப்பலையே?" என்று கேட்டேன்.

"போன வாரமே மூணு செட் போயாச்சு," என்றார். ஸ்டேப்ளரை அழுத்திக்கொண்டே சொன்னார். "ஒரு எடத்துலருந்து நேத்து ஃபோன் வந்துச்சு. அவங்களுக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."